எஸ்டிமேட் கற்றுக்கொடுத்த செஞ்சி சாருக்கு



போனில் பேசும்போது நன்றி என்று ஆரம்பித்தாலே "சரி சரி, வேலையப் பாரும்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. உங்களைப் போலவே வீடும் கடையும் கட்டிக்கொடுக்கிற சிறு அலுவலகங்கள் திண்டிவனத்தில், திருவண்ணாமலையில், விழுப்புரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சிவில் டிப்ளமோ முடித்த பிள்ளை ஒன்று அங்கே போய் நின்றால் சைட்டில் நிற்க வைப்பார்கள். கம்பி வந்தால் எண்ணச் சொல்வார்கள். எஸ்டிமேட் போடுகிற மேசைப் பக்கம் மட்டும் விடமாட்டார்கள். ரேட் வெளியே போய்விடும் என்ற பயம். அந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தவர் நீங்கள். அந்த அலுவலகக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

என்னை எடுத்துக்கொள்ளும்படி எந்தச் சட்டமும் உங்களை நிர்ப்பந்திக்கவில்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 1973இல் திருத்தம் செய்து, பட்டம், டிப்ளமோ முடித்தவர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 2019இல் மாறிய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள்தான் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். திண்டிவனம் சாலையில் மாடியில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் மொத்தமே ஐந்தாறு பேர். தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்தில் பதிவு செய்து, படிவங்களை நிரப்பி, டிப்ளமோ பழகுநருக்கு அப்போதிருந்த மாத உதவித்தொகை 8,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்று, அதில் மத்திய அரசு தரும் பாதிக்கு விண்ணப்பித்து, இத்தனை அலைச்சலையும் நீங்களாகவே இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். உங்களுக்கு அதில் ஆதாயம் என்ன என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பழகுநருக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நீங்கள் இன்னும் இரண்டு வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டிருக்கலாம்.

நம் நாட்டில் பொறியியல் படிப்பே இப்படித்தான் தொடங்கியது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1794இல் மைக்கேல் டாப்பிங் என்ற அளவையாளர் எட்டுச் சிறுவர்களை வைத்துச் சென்னையில் ஓர் அளவைப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. நிலத்தில் இறங்கி அளக்கும் வேலைக்கு உதவியாளர்களாகப் போவதற்குத்தான் அந்தப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். ஆள் பக்கத்தில் ஆள் நின்று கற்கும் முறை கல்லூரிக்கு முந்தியது.

நான் பாலிடெக்னிக்கில் எஸ்டிமேஷன் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். நீளச்சுவர் - குறுஞ்சுவர் முறை தெரியும், மையக்கோட்டு முறையும் தெரியும். நீங்கள் ஒரு வீட்டின் பிளானைக் கொடுத்து, கால்குலேட்டரை எடுத்து மேசை டிராயரில் வைத்துவிட்டு, "இந்த வீட்ட மனசுலயே ஒரு தடவ கட்டி முடி. மொத நாள் சைட்டுல என்ன நடக்கும்னு ஆரம்பிச்சு, சாவி குடுக்குற வரைக்கும் சொல்லு" என்றீர்கள். மார்க்கிங், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது, பிசிசி, ஃபுட்டிங், பில்லர், பிளிந்த் பீம், மண் நிரப்புவது, சுவர், லிண்டல், சன்ஷேடு, ரூஃப், பூச்சு, தரை என்று வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீங்கள் கேள்வி போட்டீர்கள். தோண்டிய மண் எங்கே போகும்? அதில் எவ்வளவு திரும்ப உள்ளே போகும்? சிமென்ட் மூட்டையை எங்கே அடுக்குவாய், அதற்குக் கொட்டகை யார் போடுவது? தண்ணீர் எங்கிருந்து வரும், போர் போட்டாகிவிட்டதா? ரூஃப் போட்ட பிறகு முட்டுப் பலகை எத்தனை நாள் அங்கேயே நிற்கும், அதுவரைக்கும் வாடகை யார் கணக்கு?

புத்தகத்தில் இந்தக் கேள்விகள் ஐட்டங்களாக வருவதில்லை. உங்கள் எஸ்டிமேட்டுகளின் கடைசியில் தனியாக ஒரு தாள் இணைத்திருக்கும். தற்காலிக மின் இணைப்பு, பிளான் அனுமதிக் கட்டணம், போர்வெல், காவலுக்கு ஆள் என்று நம் ஒப்பந்தத்தில் வராத செலவுகள் அதில் இருக்கும். "இது நம்ம கணக்கு இல்ல. ஆனா வீட்டுக்காரர் கையிலேர்ந்துதான் போவுது. அவருக்கு முன்னாடியே தெரியணும்" என்பீர்கள். நான் இன்று சென்னையில் வேலை பார்க்கும் நிறுவனத்தில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு விலைப்புள்ளி தயாரிக்கிறோம். அந்தத் தாளைப் போல் ஒன்றை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. என் பங்குக்கு அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

கான்கிரீட்டுக்கான 1.54 என்ற எண்ணைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. ஒரு கனமீட்டர் கான்கிரீட் வேண்டுமென்றால் உலர்ந்த பொருள் 1.54 கனமீட்டர் வேண்டும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் என்று கேட்டீர்கள். வெற்றிடம், சுருக்கம் என்று ஏதோ சொன்னேன். பேசாமல் என்னைச் சைட்டுக்குக் கூட்டிப்போய், ஜல்லி அளக்கிற பெட்டியை எடுத்து வைத்தீர்கள். சிமென்ட் ஒரு பெட்டி, எம்சாண்ட் இரண்டு பெட்டி, ஜல்லி நான்கு பெட்டி. ஆக மொத்தம் ஏழு பெட்டி. தண்ணீர் விட்டுக் கலந்து அதே பெட்டியில் திரும்ப அள்ளி, கெட்டித்துப் போடச் சொன்னீர்கள். நாலரைப் பெட்டிக்கு மேல் வரவில்லை. மீதி எங்கே என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, மேஸ்திரி அண்ணன் ஒரு ஜல்லிக் குவியலைக் காட்டி, "ஜல்லிக்கு இடையில இருக்குற சந்துல மணல் போயி ஒக்காந்துக்கும், மணலுக்கு இடையில சிமிட்டி போயி ஒக்காந்துக்கும்மா" என்றார். ஏழை 1.54ஆல் வகுத்தால் 4.55. அன்றைக்கு அந்த எண் என் கண்ணெதிரில் நடந்தது. 1:2:4 கலவைக்குக் கனமீட்டருக்கு ஆறேகால் மூட்டைக்குக் கொஞ்சம் அதிகம், 1:1½:3 கலவைக்கு எட்டு மூட்டை என்ற கணக்கை அதன்பிறகு நான் எந்தப் பட்டியலையும் பார்க்காமல் போட்டுக்கொள்கிறேன்.

கம்பிக்கும் அப்படித்தான். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்; சிவில் படித்த எல்லோருக்கும் தெரியும். 162 எங்கிருந்து வந்தது என்று கேட்டு, இரும்பு ஒரு கனமீட்டர் 7,850 கிலோ என்ற ஒரே ஒரு தகவலை மட்டும் கொடுத்து, வட்டத்தின் பரப்பளவைப் போட்டு அந்த எண்ணுக்கு வந்து சேரும்படி விட்டுவிட்டீர்கள். ஒரு மதியம் முழுக்க அதற்கே போனது. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ என்று நானே கண்டுபிடித்துக் கொண்டுவந்தபோது நீங்கள் பாராட்டி ஒன்றும் சொல்லவில்லை, டீ வரவழைத்தீர்கள்.

லாரியில் வந்த எம்சாண்டை நூறு கன அடிக்கு ஒரு யூனிட் என்று எழுதுவதற்கு முன் வண்டிக்குள் ஏறி உள்பக்கம் டேப் பிடிக்க வேண்டும் என்பதையும், ஈர மணல் உப்பிப் போய் அளவில் கூடுதலாகக் காட்டும் என்பதையும், பத்துக்குப் பத்து அடியில் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்ப ஏறக்குறைய ஆயிரம் செங்கல் வேண்டும் என்பதையும் இங்கே விரித்து எழுதவில்லை. இவற்றையெல்லாம் எந்த நல்ல மேஸ்திரியும் சொல்லித் தருவார்.

பூச்சு வேலையின் கழிவு விதியை அப்படித் தாண்டிப் போக முடியாது. அளவெடுக்கும் முறைக்கான இந்தியத் தரநிலை, ஐஎஸ் 1200, சொல்கிறது: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குப் பூச்சில் கழிவு கிடையாது, அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும், அதற்கு மேல் போனால் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். நாலுக்கு நாலடி ஜன்னல் ஒன்றரை சதுர மீட்டர். சுவரின் இரண்டு பக்கமும் பூசினாலும் ஒரு பக்கம் மட்டும்தான் கழிக்கிறோம். இது கொத்தனாருக்குக் கொடுக்கும் சலுகை என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் ஒரு கொத்தனார் அண்ணன் ஜன்னல் ஓரம் பூசுவதைக் காலையிலிருந்து பார்க்கச் சொன்னீர்கள். வெற்றுச் சுவரில் மட்டப்பலகையை இழுத்துக்கொண்டே போகிறவர், ஜன்னலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பக்கவாட்டு, அடிப்பகுதி, மேல்தாடை, நான்கு மூலைக்கும் மூலைமட்டம், நூல் பிடித்து விளிம்பு எடுப்பது. சுவரில் இல்லாத அந்த ஓட்டைக்குள் அவருடைய அரை நாள் போனது. அந்த விதியை எழுதியவர்கள் எங்கோ ஒரு கொத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். விதிகளில் இப்படி ஒரு நியாயம் ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்து, நீங்கள் எங்களைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனதைப் பற்றி எழுதுகிறேன். செஞ்சிக்காரர்களுக்குக் கோட்டை ஒரு பழக்கப்பட்ட பொருள். பஸ் ஜன்னலில் தெரியும். பள்ளிக்கூடத்தில் தேசிங்கு ராஜா கதை சொல்வார்கள். வருஷம் ஒரு முறை கமலக்கண்ணி அம்மன் திருவிழாவுக்கு ராஜகிரி ஏறுவோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளையும் சுற்றிப் பதின்மூன்று கிலோமீட்டர் மதில் என்று தகவல் பலகைக் கணக்காகத்தான் எனக்கும் தெரிந்திருந்தது. நீங்கள் என்னையும் அலுவலகத்துப் பையன்களையும் ராஜகிரி உச்சி வரை ஏறவைத்து, மரப்பாலத்தைத் தாண்டி, மூச்சு வாங்கும்போது கேட்டீர்கள்: "இங்க ஒரு கனமீட்டர் செங்கல் கட்டு வேல செய்யணும். நேத்து நீ கீழ போட்ட ரேட் இங்க செல்லுமா?"

அங்கேயே பாறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கனமீட்டருக்கு ஐந்நூறு செங்கல். ஒன்று மூன்று கிலோ என்றால் ஒன்றரை டன். கலவைக்கு மணலும் சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்து மொத்தம் இரண்டு டன் பிடிக்கும். மேலே எந்த வண்டியும் வராது, தலைச்சுமைதான். ஒருவர் 25 கிலோ தூக்கி ஏறினால் எண்பது ஏற்றம். எண்ணூறு அடி உயரமுள்ள மலையில் சுமையோடு ஒருவர் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் ஏறி இறங்க முடியாது. ஆக, மேலே ஒரு கல்லை எடுத்து வைப்பதற்கு முன்பே இருபத்தேழு ஆள் கூலி. லீடு, லிஃப்ட் என்று ரேட் புத்தகத்தில் இரண்டு சொற்களாக மட்டும் படித்திருந்தது, பொருள் எவ்வளவு தூரம் வருகிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பது, தொடை வலியோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. பொருள் அதேதான், வேலையும் அதேதான். இடம் மாறியதால் விலை எத்தனையோ மடங்கு மாறிவிட்டது. இப்போதும் எந்தத் திட்டத்தின் வரைபடம் வந்தாலும் நான் முதலில் கேட்பது லாரி எதுவரைக்கும் போகும் என்பதைத்தான்.

அந்த உச்சியிலிருந்து பார்க்கும்போது கீழே கல்யாண மகாலும் களஞ்சியங்களும் சின்னதாகத் தெரிந்தன. 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைக் கைப்பற்றிய பிறகு மதில்களைப் புதுப்பித்துப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இதற்குள் இருந்துகொண்டுதான் முகலாயப் படையின் முற்றுகையைப் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்தார். 1698இல்தான் கோட்டை விழுந்தது. இதையெல்லாம் வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. இத்தனை கல்லை இத்தனை உயரத்துக்குத் தூக்கியவர்களுக்கு யார் கூலி அளந்தார்கள், எந்த அளவுக் குச்சியால் மதிலை அளந்தார்கள் என்று நீங்கள்தான் யோசிக்கவைத்தீர்கள். இறங்கும்போது வேங்கடரமணர் கோயிலில் நின்று, இங்கிருந்த தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுபோனதையும், அவை இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பதையும் சொன்னீர்கள். உடனே அதையும் பாடமாக்கினீர்கள்: இடிக்கிற கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டால், பிரித்தெடுக்கிற பொருளின் மதிப்பை வரவாகக் கழிக்காமல் விடக்கூடாது. பழைய தேக்கு வாசக்காலைச் சும்மா எடுத்துப் போகிறவர்களிடமிருந்து எத்தனை குடும்பங்களை அந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கும்.

கோட்டையை ஒட்டிய ஊரில் எஸ்டிமேட் போடுபவருக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று தொல்லியல் சட்டம் சொல்கிறது. மனை வாங்கிவிட்டு, பிளானும் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நீங்கள் அறை எத்தனை என்று கேட்கமாட்டீர்கள். சர்வே எண்ணைக் கேட்பீர்கள். அனுமதி வாங்க வேண்டிய தூரத்துக்குள் வந்தால், வருகிற வேலையை இழந்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே சொல்லி, முதலில் அனுமதிக்கு எழுதச் சொல்லி அனுப்பிவிடுவீர்கள்.

இனி உங்கள் கணக்கு நோட்டுகள். இந்தக் கடிதத்தை எழுதவைத்ததே அவைதான்.

வேலைக்கு வந்த சில வாரங்களில், இரும்பு அலமாரியைத் திறந்து, நீளமான கணக்கு நோட்டுகளை என் முன்னால் அடுக்கினீர்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு பத்தி. இடப்பக்கம் வேலை தொடங்கும் முன் நீங்கள் போட்ட எஸ்டிமேட். வலப்பக்கம் வேலை முடிந்தபிறகு உண்மையில் ஆன செலவு, ஐட்டம் ஐட்டமாக. நடுவில் வித்தியாசம், அதற்குக் காரணம், உங்கள் கையெழுத்தில் ஒரு வரி. "மழை, ரூஃப் ஒன்பது நாள் தள்ளிப்போச்சு." "டைல்ஸ் வீட்டுக்காரர் மாத்தினார்." "கம்பி கழிவு அதிகம், வெட்டும் பட்டியல் போடல." நீங்கள் தோற்ற இடங்களும் அதில் இருந்தன. மலையடிவாரத்து வீடு ஒன்றுக்குச் சோதனைக் குழி போடாமல், பக்கத்து மனையில் செம்மண் என்பதை நம்பி வானத்துக்கு ரேட் போட்டிருக்கிறீர்கள். மூன்றடியில் பாறை. சுற்றிலும் வீடு என்பதால் வெடி வைக்க முடியாது. பிரேக்கர் வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒப்பந்தத் தொகையைக் கூட்டாமல் அந்தச் செலவை நீங்களே ஏற்றிருக்கிறீர்கள். அதற்குப் பிந்தைய ஒவ்வொரு கோப்பிலும் முதல் தாளாகச் சோதனைக் குழியின் போட்டோ ஒட்டியிருக்கிறது.

சார், எங்கள் துறையில் யாரும் இதைக் காட்டமாட்டார்கள். எஸ்டிமேட்டைக் காட்டுவார்கள், ஆன செலவைக் காட்டமாட்டார்கள். ஆன செலவைப் பார்க்காதவருக்கு எஸ்டிமேட் போட வராது. புத்தகம் வைத்து அளவு எடுக்கலாம், அரசின் ரேட் பட்டியல் வைத்து விலை போடலாம். போட்டது சரியா என்று தெரிந்துகொள்ள அந்த வலப்பக்கப் பத்தி ஒன்றுதான் வழி. அதைச் சம்பாதிக்க ஒருவருக்கு இருபது முப்பது ஆண்டு ஆகிறது. நீங்கள் அதைப் படிப்பு முடிந்து வந்த ஒரு பெண்ணின் முன்னால் திறந்து வைத்து, "எந்தப் பக்கம் வேணா படி. வெளிய ரேட் மட்டும் சொல்லாத" என்றுவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த நம்பிக்கைக்கு என் நன்றியை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சித்தாள் அக்காக்களிடம் என்னை அனுப்பியதும் நினைவில் இருக்கிறது. ஆள் கணக்கு என்பது பட்டியலில் ஓர் எண். ஒரு சட்டி கலவையை முதல் மாடிக்குத் தூக்கிப் போய் வர எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலில் அது எவ்வளவு மெதுவாகிறது, பூச்சு வேலையன்று ஏன் ஒரு சித்தாள் கூடுதலாக வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொன்னார்கள். அவர்களுக்குக் கூலி பெரியாளைவிடக் குறைவு என்பதையும் அங்கேதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வீட்டுக்காரர் எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால், எல்லோரும் முதலில் கைவைப்பது கூலியில்தான். நீங்கள் டைல்ஸ் ரகத்தைக் குறைக்கச் சொல்வீர்கள், சன்ஷேடு வடிவத்தை எளிமையாக்கச் சொல்வீர்கள், ஓர் அறையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வீர்கள். கூலி வரியைத் தொடவிடமாட்டீர்கள். அரசு வேலைகளின் எஸ்டிமேட்டில் கடைசியில் வரும் தொழிலாளர் நலநிதி ஒரு சதவீதத்தைக் காட்டி, இந்த அக்காக்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று விசாரித்து, பதியாதவர்களுக்கு என்னை விட்டுப் படிவம் நிரப்பவைத்தீர்கள்.

"சதுர அடி என்ன ரேட்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு நீங்கள் ஒரே எண்ணில் பதில் சொன்னதை நான் கேட்டதில்லை. 2024இல் அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தபோது, 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்றார்கள். வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். குடிசையில் இருக்கிற குடும்பத்துக்கு அது பெரிய தொகை. கான்கிரீட் கூரைக்கும் கம்பிக்கும் அது இறுக்கமான தொகை. ஆணை வாங்கிய பலர் உங்களிடம் வந்து நின்றதாகவும், மனையைப் போய்ப் பார்த்து, எது முதலில், எது பிறகு என்று தாளில் எழுதிக் கொடுத்ததாகவும் மேஸ்திரி அண்ணன் சொன்னார். அவர்களிடம் நீங்கள் கட்டணம் வாங்கவில்லை என்பதையும் அவர்தான் சொன்னார்; நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

உங்களிடம் வரும் விவசாயக் குடும்பங்களுக்கு மாதவாரியாக ஒரு பணத்தேவைப் பட்டியல் போட்டுத் தருவீர்கள். சம்பா அறுத்து, நெல்லை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டுக் காசு கைக்கு வருவது தை, மாசியில். ரூஃப் கான்கிரீட்டை அந்த மாதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பீர்கள். கம்பியும் சிமென்டும் ஒரே நேரத்தில் பெரிய தொகையைக் கேட்பது அப்போதுதான். கையில் பணமில்லாத மாதத்தில் ரூஃப் வந்தால் நகை அடகுக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். எஸ்டிமேட்டில் எவ்வளவு என்பதோடு எப்போது என்பதையும் எழுத வேண்டும் என்று நான் படித்த பாடத்திட்டம் சொல்லவில்லை. எங்கள் அப்பாவும் நெல் போடுகிறவர் என்பதால் அந்தத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது எனக்குக் கணினியில் முப்பரிமாண வரைபடத்திலிருந்தே அளவுகள் வந்துவிடுகின்றன. வேகம் அதிகம், மனிதர் கூட்டலில் விடுகிற பிழைகள் இல்லை. ஆனால் வரைபடத்தில் வரையாததை அது அளக்காது. முட்டுப் பலகை நிற்கிற நாட்களும், லாரி நிற்கிற இடமும், மண்ணுக்குக் கீழே இருக்கும் பாறையும் அதற்குத் தெரியாது. அதனால் எந்த விலைப்புள்ளி வெளியே போவதற்கு முன்பும் பெரிய ஐட்டங்களை ஒரு தாளில் கையால் சரிபார்க்கிறேன். பக்கத்து மேசைக்காரர்களும் இப்போது அப்படிச் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள்.

2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் இருந்ததைக் கேட்டு உங்கள் நினைவுதான் வந்தது. இனி அங்கே பராமரிப்பும் சீரமைப்பும் கூடும். சுண்ணாம்புக் கலவையையும், தலைச்சுமையில் ஏறுகிற கல்லையும் கணக்கிடத் தெரிந்த ஆட்கள் தேவைப்படுவார்கள். அவர்கள் ஊர்ப் பிள்ளைகளாகவே இருக்கட்டும். அதற்குச் சிறிய அலுவலகங்கள் கதவைத் திறக்க வேண்டும். இதைப் படிக்கிற ஒப்பந்ததாரர்கள் யாராவது, பழகுநர் ஒருவரை எடுப்பதற்கான பதிவை இந்த ஆண்டு செய்தால், எனக்கு அது போதும்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. எங்கள் நிறுவனத்தில் இந்த ஆண்டு இரண்டு பழகுநர்களை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். உங்கள் நோட்டுகளில் மலையடிவார வீடு இருக்கிற அந்த நோட்டை மட்டும் நகலெடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். பெயரையும் ரேட்டையும் மறைத்துவிடுகிறேன்; அளவுகளும், வித்தியாசமும், நீங்கள் எழுதிய காரணங்களும் இருந்தால் போதும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அலுவலகத்துக்கு வருகிறேன். மேஸ்திரி அண்ணனுக்கும் அக்காக்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


உங்களிடம் எஸ்டிமேட் பழகிய பெண்